ஆறு கொண்டுவந்தது

உவாடியேவுக்கு ஒரே ஒரு வியாதிதான் இருந்தது. யாராவது அவன் காதுபட, "அந்தக் காலத்துக் கை இனிமே எங்க வரப்போகுது" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அவன் எங்கள் ஊர் மரச்சிற்பி. முக்காலி, கதவு, செத்துப்போன தகப்பனுக்காக மூத்த மகன் பூசை மேடையில் நட்டுவைக்கும் கோல் என்று மரத்தில் எது வேண்டுமானாலும் அவனிடம்தான் போவோம். நன்றாகவே செய்வான். வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் சும்மா போகமாட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இயேவைச் செஞ்சவன் கை ஆகுமா?" என்று ஒரு வார்த்தையை உதிர்த்துவிட்டுத்தான் நடையைக் கட்டுவார்கள்.

இயே என்றால் எங்கள் பேச்சில் அம்மா. ஆற்றங்கரைக் குடிலில், இரண்டு கையிலும் கிண்ணம் ஏந்தி, முட்டி போட்டு உட்கார்ந்திருந்த மரப்பெண் அவள். இடது காது நுனி உடைந்திருக்கும். கீழுதடு லேசாக மடங்கி, இப்போது ஏதோ சொல்லப்போகிறாள் என்று தோன்றும். ஓலோகுன் தண்ணீருக்கெல்லாம் ராஜா. பிள்ளை கொடுப்பதும் செல்வம் கொடுப்பதும் அவர்தான். ஆனால் ராஜாவிடம் நேரே போய் வாயைத் திறக்க முடியுமா? இயேவிடம் சொன்னால் அவள் சமயம் பார்த்து எடுத்துச் சொல்வாள். உவாடியேயின் மனைவி ஓமோசெடே வருஷக்கணக்காக அவள் முன்னால் அழுதுதான் ஒரு பெண்ணைப் பெற்றாள்.

இயேவை யார் செதுக்கியது என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது, அதுதான் எங்கள் ஊர் முறை. புதுச் சிலை குடிலுக்கு வருகிற அன்று, சுமந்து வருகிற சிற்பியைப் பூசாரி வாசலில் நிறுத்தி, "யாரு செஞ்சது இது?" என்று ஊரறியக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் உளி பிடித்துக் கை காய்த்துப்போனவன், "எனக்குத் தெரியாது, ஆறு கொண்டாந்துச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அது மரமாக இருப்பது அத்தோடு சரி. செய்தவனும் மற்றவர்களைப்போல அதன் காலடியில் விழலாம். அந்த ஒரு பொய்யில்தான் எங்கள் ஊரில் சாமி உள்ளே வரும்.

எங்கள் பெனின் நாட்டு அரசரைப் பிடித்து வெள்ளைக்காரன் கப்பலேற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. பெனின் அரண்மனைப் பித்தளையும் தந்தமும் அப்போதே போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருந்தது கிராமத்து மரம்தானே, அதற்கும் ஒரு துரை வந்தார். புழுதிக்காற்று அடிக்கிற காலத்தில், சுமைகூலிகளோடும் துப்பாக்கி வைத்திருந்த இரண்டு சேவகர்களோடும் வந்தார். எங்கள் பாட்டை ஒரு பெட்டிக்குள் பாடச் சொன்னார், எங்கள் மூக்கை அளந்தார், குடிலுக்குள் தலையை விட்டு இயேவை வெகுநேரம் பார்த்தார். மேற்கே இன்னும் சில ஊர்களுக்குப் போகிறாராம். திரும்பி வரும்போது இவளைக் கட்டித் தயாராக வைக்க வேண்டுமாம்.

மொழிபெயர்க்க வந்தவன் இகியேபோர், நகரத்துப் பிள்ளை, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனுக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "அவங்க ஊர்ல ஒரு பெரிய வீடு இருக்காம் பெரியப்பா. உலகத்துச் சாமியெல்லாம் அங்க வரிசையா நிக்குமாம். யாரும் கும்பிட மாட்டாங்களாம், பாத்துட்டுப் போவாங்களாம்" என்றான்.

"கும்பிடாம எதுக்குடா பாக்கறது?" என்றார் ஊர் மூத்தவர் எக்காட்டோர்.

துரை கிளம்பிப் போனதும் எக்காட்டோர் வீட்டில் கூடினோம். கூடினால் பங்கிட்டுத் தின்கிற கோலாக் கொட்டையைப் பெரியவர் கையில் வைத்து வேண்டிக்கொண்டார், இருந்ததிலேயே இளையவன் அதை உடைத்தான். தின்ன யாருக்கும் மனசில்லை. முடியாது என்று சொன்னால் ஊரைக் கொளுத்துவார்கள். பக்கத்து ஊரில் கொளுத்தினதைப் பார்த்திருக்கிறோம். அப்போது பூசாரி எடுகியே எழுந்தாள். குரல் உடைந்த மனுஷி, ஆனால் வாய் வெட்டுக்கத்தி.

"குடுப்போம்யா. மாரடிச்சு, ஒப்பாரி வெச்சு, மண்ணுல பொரண்டு குடுப்போம். ஆனா குடுக்கறது இயேவா இருக்கணும்னு என்ன கட்டாயம்?"

எல்லோரும் உவாடியேவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முடியுமாடா உன்னால?" என்று கேட்டார் எக்காட்டோர். அவன் தலையாட்டினான். கிழவர் அத்தோடு விட்டிருக்கலாம். "அந்தக் கை உனக்கு எங்க வரப்போகுது... சரி, வெள்ளக்காரன் கண்ணுக்கு அது போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டுதான் உவாடியே வேலை ஆரம்பித்தான். வீட்டுக் கொல்லையை மறைத்துக்கட்டி, இயேவை எதிரில் வைத்துக்கொண்டு செதுக்கினான். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மலைப்பு வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது. அப்புறம் ஒருநாள் அந்தக் கீழுதட்டு மடிப்பு அவன் உளிக்கே பிடிபட்டுவிட்டது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையேற்றினான், செம்பனை எண்ணெய் தேய்த்தான், சேவல் ரத்தமும் சுண்ணமும் பூசிக் கழுவிப் பூசிக் கழுவி அழுக்கேற்றினான். காது நுனியைக்கூட அதே அளவுக்கு உடைத்தான்.

வேலை முடிந்த மறுநாள் காலையில் எடுகியே பார்க்க வந்தாள். இரண்டையும் சுவரோரமாக வைத்திருந்தான். அவள் வந்த வேகத்தில் ஒன்றின் முன்னால் முட்டி போட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். தவறான ஒன்றின் முன்னால்.

"அது இல்ல அக்கா. பக்கத்துல இருக்கறவதான் இயே" என்றான் உவாடியே. அவன் குரல் நடுங்கியது, சந்தோஷத்தில்.

எடுகியே துள்ளி எழுந்தாள். "அடப்பாவி! கட்டையைக் கும்பிட வெச்சிட்டியேடா!" என்று அந்தப் புதுச் சிலையின் தலையில் ஒரு அறை விட்டாள். நிஜமானவளை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நல்லா இருக்கு என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன? உவாடியே அவள் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றான். பூசாரியே ஏமாந்துவிட்டாள், ஆனால் இதை ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ரகசியம் அவனுக்குள் புளித்துக்கொண்டே இருந்தது.

சொன்னபடி துரை திரும்பி வந்தார். எடுகியே தன் வீட்டுக் கிழங்குக் குவியலுக்கு அடியில் இயேவைப் படுக்கவைத்திருந்தாள். போலிச் சிலையை எக்காட்டோர் வீட்டு முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். பெண்கள் அழுதார்களே ஒரு அழுகை! "இன்னும் சத்தமா அழுங்கடி, புருசன் செத்தாக்கூட இப்படித்தான் முனகுவீங்களா?" என்று எடுகியே பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினாள். ஓமோசெடேதான் எல்லோரையும்விட நன்றாக அழுதாள். ஆண்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாக இருந்தது.

துரை முக்காலியில் உட்கார்ந்து சிலையை மடியோரம் இழுத்தார். தடவினார், முகர்ந்தார், உடைந்த காதில் விரலை வைத்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எங்களுக்கு உயிர் வந்தது. அவர் நிறைய பேசினார். ஊர்க்காரர்கள் குளிர்ந்துபோகட்டும் என்று இகியேபோர் உரக்க எடுத்துச் சொன்னான்.

"இது ரொம்பப் பழசாம். செஞ்சவன் மகா பெரிய ஆளாம். இப்ப இந்த நாட்டுல இப்படிச் செய்ய ஒருத்தனுக்கும் வராதாம், எல்லாருக்கும் கை செத்துப்போச்சாம். இதோ இவர் உக்காந்திருக்கற முக்காலியைப் பாருங்கன்றாரு. இதுதான் இந்தக் காலத்து வேலையாம்."

முக்காலி யார் செய்தது என்று சொல்லவா வேண்டும்? கூட்டத்தில் ரெண்டு பேர் உவாடியே பக்கம் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள்.

"நாந்தான் செஞ்சேன்" என்றான் உவாடியே.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் ஒப்பாரி அப்போது மூச்சு வாங்க நின்றிருந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது. துரை நிமிர்ந்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார். இகியேபோர் கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு நொடி உவாடியேவைப் பார்த்துவிட்டு, கண்ணிமைக்காமல் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். இவனுடைய கொள்ளுத்தாத்தா செய்தது என்று சொன்னானாம், பிற்பாடு அவனே எங்களிடம் சொன்னது. துரை மகிழ்ந்துபோய் உவாடியேயின் தோளைத் தட்டினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று ஊரே மூச்சு விட்டது.

"உங்க கொள்ளுத்தாத்தா பெரிய ஆளுன்றாரு" என்றான் இகியேபோர், பல்லைக் காட்டிக்கொண்டே. "தலையாட்டுங்க அண்ணே. சிரிச்சுக்கிட்டே தலையாட்டுங்க. அவரு கை உங்களுக்கு வரலியேன்னு வருத்தப்படறாரு, அவ்வளவுதான்."

தலையை ஆட்டியிருக்கலாம். ஒரு ஆட்டு, முடிந்தது வேலை. அந்த நேரத்தில் யாராவது அவனைப் பின்னாலிருந்து இழுத்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கு வரைக்கும் நாங்கள் பேசிக்கொள்கிறோம். உவாடியே தோளில் மாட்டியிருந்த, மரம் கொத்துகிற வாய்ச்சியை எடுத்தான். துரையின் கையிலிருந்து சிலையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். அடிப்பாகத்தில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினான். சில்லு தெறித்தது. புகையும் அழுக்கும் ஏறிய தோலுக்கு அடியில், நேற்று வெட்டியது போலப் பச்சை மரம் வெளுப்பாகத் தெரிந்தது. அதைத் துரையின் முகத்துக்கு நேராகக் காட்டி, தன் மார்பில் அடித்துக்கொண்டான்.

"நான்! இந்தக் கை! இந்தக் கைதான்!"

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஓமோசெடே அழுத வாயை மூடாமல் அப்படியே நின்றாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை ஊரையே சேர்த்துக் கெடுத்தது.

துரை கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. வாய்விட்டுச் சிரித்தார். பார்த்துச் செய்திருக்கிறான் என்றால் பார்க்க ஒன்று இருக்கத்தானே வேண்டும்? சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். எடுகியே கிழங்குக் குவியலின் மேல் குறுக்கே விழுந்தாள். கையைப் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டார்கள். கிழங்குகள் உருண்டன, வெள்ளைத் துணி தெரிந்தது.

முற்றத்தில் இரண்டையும் அருகருகே நிறுத்தித் துரை நெடுநேரம் பார்த்தார். பிறகு போலியை எடுத்து, இரண்டு கையாலும் உவாடியேயிடம் கொடுத்தார்.

"உங்க கை நல்ல கைன்றாரு" என்றான் இகியேபோர். இந்த முறை அவன் உவாடியேவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னான்.

எக்காட்டோர் மடியில் துரை போட்ட காசு தரையில் உருண்டது, யாரும் குனியவில்லை. இயேவைக் குப்புறக் கிடத்தி, கயிற்றால் கட்டி, ஒரு கூலியின் தலையில் ஏற்றினார்கள். துணிக்கு வெளியே உடைந்த காது மட்டும் தெரிந்தது. இந்தத் தடவை அழச் சொல்லி யாரும் அதட்ட வேண்டியிருக்கவில்லை, ஆனால் ஒருத்திக்கும் குரல் வரவில்லை.

அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் உவாடியேவுக்குப் புத்தி வந்தது. போலியை மார்போடு கட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். பாதையில் துரையின் காலடியில் அதை வைத்து விழுந்தான்.

"ஐயா, நான் பொய் சொன்னேன். இதுதான் பழசு. அது நான் செஞ்சது. அதைக் குடுத்துருங்க, இதை எடுத்துக்கங்க. தம்பி, சொல்லுப்பா அவருக்கு. நீ சொன்னா நம்புவாரு."

இகியேபோர் கண்ணில் தண்ணீர் நின்றது. "இனிமே நான் எதைச் சொல்லி மாத்தறது அண்ணே? வெள்ளை மரத்தைக் காட்டிட்டீங்களே" என்றான். பாதையில் கிடந்த உவாடியேவைச் சுற்றிக்கொண்டு கூலிகள் நடந்தார்கள்.

அவனை யாரும் அடிக்கவில்லை. நாலு சாத்துச் சாத்தியிருந்தால் அவனுக்கும் ஆறியிருக்கும், எங்களுக்கும் ஆறியிருக்கும். எங்களில் ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் காலை வணக்கம் உண்டு. வழியில் பார்த்தால் அவரவர் குல வணக்கத்தைச் சொல்லித்தான் பேசுவோம். உவாடியேவுக்கு அதைச் சொல்வது நின்றுபோனது. அந்நியனுக்குச் சொல்கிற பொது வணக்கத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். சந்தையில் யாராவது பானையை உடைத்துவிட்டு "யாரு செஞ்சது?" என்று கேள்வி வந்தால், பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு, "நான்! இந்தக் கை! இந்தக் கைதான்!" என்று கத்துவார்கள். சிரிப்பு அடங்கவே நேரமாகும். குழம்பு தீய்ந்தாலும் அதேதான். கூட்டத்தில் ஒருத்தன் காற்று விட்டாலும் அதேதான். உவாடியே கேட்டுக்கொண்டே கடந்து போவான். காது மடல்வரை எரியும்.

ஓமோசெடே பல நாள் பேசவில்லை. ஒரு மாலை இடித்த கிழங்கையும் வெண்டைக்காய்ச் சாற்றையும் அவன் முன்னால் முட்டி போட்டு வைத்துவிட்டு, எழாமல் அப்படியே இருந்தாள்.

"உனக்கு முன்னாடி தெனம் முட்டி போடறேன். அது பத்தலியா உனக்கு? அவளுக்குப் போட்டியா நிக்கணுமா?" என்று கேட்டாள். அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனான்.

போலியை அவன் ஆற்றில் வீசினான். அது கீழே பெண்கள் குளிக்கிற துறையில் போய் ஒதுங்கியது. மறுநாள் அவன் வாசலில் ஈரம் சொட்டச் சொட்டக் கிடந்தது. கொண்டுவந்து போட்டவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் சாமான் ஆத்துல வந்துச்சு, எடுத்து வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அதைப் பிளந்தான். ஓமோசெடே அந்த விறகில் அடுப்பு மூட்டமாட்டேன் என்றுவிட்டாள். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தான்.

குடிலில் இயே இருந்த இடத்தில், அவள் முட்டி பதிந்த இரண்டு பள்ளங்கள் மட்டும் இருந்தன. தலைப்பிள்ளை சுமக்கிற பெண்கள் வந்து, அந்தப் பள்ளங்களைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பினார்கள். மழைக்காலம் தொடங்குமுன் எக்காட்டோர் உவாடியே வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஒண்ணு செய். வேற ஆள் இருந்தா உன் வாசப்படி ஏறியிருக்க மாட்டேன்."

மழை முழுவதும் செதுக்கினான். இயேவின் முகத்தைத் திரும்பக் கொண்டுவர அவன் முயலவில்லை. அதற்கு அவனுக்குத் துணிச்சலும் இல்லை. கிண்ணம் ஏந்திய ஒரு சாதாரணப் பெண். உளி தானாக ஒரு நல்ல வளைவைக் கொண்டுவந்தால்கூட அதைச் சீவி மட்டப்படுத்தினான். வேலை செய்துகொண்டே வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "எனக்குத் தெரியாது, ஆறு கொண்டாந்துச்சு. எனக்குத் தெரியாது, ஆறு கொண்டாந்துச்சு." ஓமோசெடே சமையலறையிலிருந்து கேட்பாள். அந்த ஒரு பதிலை ஊர் முன்னால் சொல்லிவிட்டால் போதும், இயேவின் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள், தன் மேலிருக்கும் அழுக்கும் கழுவப்பட்டுவிடும் என்று அவன் நம்பினான். முதல்முறையாக, தன் பேர் தெரியாமல் போவதற்கு அவன் ஏங்கினான்.

மழை விட்டது. காலையில் ஊர் முழுக்க ஆற்றங்கரையில் கூடியது. உவாடியே வெள்ளைத் துணி கட்டி, சிலையைத் தலையில் சுமந்து, பறை முழங்க வந்தான். குடில் வாசலில் எடுகியே முகத்தில் சுண்ணம் பூசி நின்றிருந்தாள். சேவகன் இழுத்த கை அவளுக்கு இன்னும் சரியாக மடங்கவில்லை. பறை நின்றது. உவாடியே நின்றான். பதில் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

எடுகியே சிலையைச் சுற்றி ஒருமுறை வந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். கேட்பதற்கு வாயைத் திறந்தாள். "யாரு..." என்றதும், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் அவள் வாயைப் பொத்தினாள். ஆனால் சிரிப்பு எதற்கு என்று தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. கூட்டத்தில் யாரோ ஒருத்தியின் கை தன்னையறியாமல் மார்புக்குப் போய்ப் பாதியில் நின்றதை உவாடியேவும் பார்த்தான்.

எடுகியே வாயை மூடிக்கொண்டாள். அவன் கெஞ்சுவதுபோல அவளைப் பார்த்தான். கேளு அக்கா, ஒரே ஒரு தடவை கேளு. அவள் கண்ணிலும் இரக்கம் இருந்தது. அவள் உள்ளே போய் ஒரு பிடி சுண்ணத்தை நசுக்கி, அந்த இரண்டு வெற்றுப் பள்ளங்களிலும் தூவினாள். பிறகு வெளியே வந்து, சிலையை அவன் தலையிலிருந்து இறக்கி, வாசல் ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நல்லா செஞ்சிருக்க, உவாடியே" என்றாள். "வீட்டுக்குப் போ."